வடக்கு ஸ்பெயின் கடற்கரைகள்: ஓதம் பார்த்துப் போங்கள் (கேள்வி பதில்)

கேள்வி: அண்ணா, கலீசியா பகுதியில் ரிபதேயோ ஊர்ப் பக்கம் உள்ள கதெத்ராலெஸ் கடற்கரைக்குப் போன நண்பர்கள், "குகையும் இல்லை, மணலும் இல்லை, வெறும் தண்ணீர்தான்" என்று திரும்பி வந்தார்கள். நாங்கள் ஆகஸ்டில் போகிறோம்.

பதில்: அவர்கள் கடல் ஏறியிருந்த நேரத்தில் போயிருக்கிறார்கள். அங்கே பாறை வளைவுகளுக்கு இடையே நடக்க வேண்டுமானால் கடல் வற்றியிருக்க வேண்டும். ஏற்றத்தின்போது அலை நேராகப் பாறைச் சுவரில் வந்து மோதும். பார்சிலோனா பக்கத்து மத்தியதரைக் கடலைப் பார்த்துப் பழகியவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். அங்கே ஓத வேறுபாடு, அதாவது கடல் ஏறும்போதும் வற்றும்போதும் நீர்மட்டத்தில் உள்ள வித்தியாசம், சில பத்து சென்டிமீட்டர். இங்கே பெரிய ஓத நாள்களில் 4 மீட்டர்!

வற்று நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே படியிறங்குங்கள். முதலில் தூரத்துக் குகைகள், திரும்பும்போது பக்கத்தில் உள்ளவை. தூரத்து மூலைகளைத்தான் தண்ணீர் முதலில் துண்டிக்கும் என்பதால் இந்த வரிசையை மாற்றாதீர்கள். கடல் திரும்ப ஏறத் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் மேலே வந்துவிடுங்கள். வளைவுக்கு நேர் கீழே நின்று படம் எடுக்கவே வேண்டாம். கல் விழும், 2018இல் கல் விழுந்து ஒரு பெண் இறந்தார்.

ஜூலை முதல் செப்டம்பர் வரையும் ஈஸ்டர் வாரத்திலும் முன்பதிவு கட்டாயம். கலீசியா அரசின் தளத்தில் இலவசம். பதிவு நாளுக்குத்தான், நேரத்துக்கு அல்ல. ஆகவே ஓத அட்டவணையைப் பார்த்தபின் நாளைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: அட்டவணையில் உள்ள நேரத்துக்குப் போனால் கடல் இன்னும் வற்றவில்லையே, ஏன்?

பதில்: சில அட்டவணைகள் உலகப் பொது நேரத்தில் அச்சாகின்றன. கோடையில் 2 மணி, குளிர்காலத்தில் 1 மணி கூட்டுங்கள். கூடவே ஓதம் எவ்வளவு பெரிது என்று காட்டும் "கோஎஃபிசியென்தே" என்று ஓர் எண் இருக்கும், சுமார் 20 முதல் 120 வரை. 80க்கு மேல் என்றால் கடல் நன்றாக உள்வாங்கும். 40 என்றால் வற்றும் நேரத்திலும் பல இடங்களில் தண்ணீர் நிற்கும்.

நம் நாள்காட்டியே உதவும். அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஓரிரு நாளில் ஓதம் மிகப் பெரிது. கோடையில் அந்த நாள்களில் இங்கே வற்று நேரம் முற்பகல் 11 முதல் 1 மணிக்குள் அமையும். பிறகு தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும்.

கேள்வி: குல்பியூரிக்கும் வற்று நேரத்தில்தானே போக வேண்டும்?

பதில்: இல்லை, நேர் எதிர். பக்கத்துப் பகுதியான அஸ்தூரியாஸில் யானெஸ் ஊர் அருகே, கடலிலிருந்து 100 மீட்டர் தள்ளிப் புல்வெளி நடுவே இருக்கும் குட்டிக் கரை அது. சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் உள்ள குகை வழியாகத்தான் கடல்நீர் வருகிறது. வற்றினால் குழி காலி. ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்னே போங்கள்.

கேள்வி: ப்ரியா பக்கம் பாறைத் துளை வழியாகக் கடல் பீய்ச்சும் "புஃபோனெஸ்"?

பதில்: ஏற்றம் மட்டும் போதாது, பெரிய அலையும் வேண்டும். இலையுதிர்காலமும் குளிர்காலமும் நல்லவை. கடல் அமைதியான நாளில் மூச்சு விடும் ஓசை மட்டும் கேட்கும். அப்போதும் துளைக்குள் குனிந்து பார்க்காதீர்கள். அழுத்தத்தில் தண்ணீரோடு கல்லும் மேலே வரும்.

கேள்வி: காட்சி முனைகளில் ஒன்றே ஒன்று சொல்லுங்கள் சார்.

பதில்: அஸ்தூரியாஸில் உள்ள மிரதோர் தெல் ஃபீத்து. 1927இல் கட்டிய மேடை, கொலுங்காவிலிருந்து அர்ரியொந்தாஸ் போகும் மலைச்சாலையில் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பிகோஸ் தே எவ்ரோபா மலைகள். மேகம் இறங்கினால் இரண்டுமே தெரியாது. கீழே கடற்கரையில் நின்று மலையுச்சி தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்புங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. பாஸ்க் பகுதிக் கடற்கரையில் உள்ள காஸ்தெலுகாச்சே தீவில் ஏறலாமா?

பதில்: வேண்டாம். தீவுக்கோயிலுக்கு 241 படி. அதற்கு முன்பே வண்டி நிறுத்துமிடத்திலிருந்து செங்குத்தான இறக்கம். திரும்பும்போது அதையும் ஏறியாக வேண்டும். மேலே உள்ள காட்சி மேடையிலிருந்தே பாலம், படி, கோயில் மூன்றும் முழுதாகத் தெரியும். அம்மாவை அங்கே உட்கார வையுங்கள். கூட்டக் காலத்தில் இறங்குபவர்களுக்கு மட்டும் இலவச நுழைவுச்சீட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.