ஒருமுறை கேளுங்கள், பிறகு காத்திருங்கள்

இளங்குழந்தைக் கல்வி: வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற கல்வியியல் பேராசிரியர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: எம்.எட். படிக்கிறேன். அங்கன்வாடி அனுபவம் பற்றிக் குழந்தைகளிடமே கேட்டு ஆய்வு செய்ய ஆசை. நான்கு வயதுக் குழந்தைகளிடம் ‘உனக்கு இந்த இடம் பிடிக்குமா?’ என்றால் எல்லாரும் ‘பிடிக்கும்’ என்கிறார்கள். ‘ஏன்?’ என்றால் பேச்சில்லை. ‘சின்னப் பிள்ளைகள் சொல்வதை வைத்து ஆய்வேடு எழுத முடியாது, தாய்மார்களுக்கு வினாத்தாள் கொடு’ என்கிறார் நெறியாளர். என்ன செய்யட்டும்?
(ஒரு மாணவி, தேனி)

பதில்: வினாத்தாளைத் தாராளமாகக் கொடுங்கள் அம்மா. தாய்மார்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது தெரியவரும். ஆனால் காலையில் கொண்டுவந்து விட்டு, பிறகு வந்து அழைத்துப் போகிறவர் பார்ப்பது வாசற்படி வரைதான். இடையில் உள்ளே இருப்பது குழந்தை. அந்த நேரத்தைப் பற்றிச் சாட்சி சொல்ல அதைவிடத் தகுதியானவர் யார்?

உங்களுக்குக் கிடைத்த ‘பிடிக்கும்’ உங்கள் கேள்வியிலிருந்து வந்தது. நீங்கள் புதியவர், பெரியவர், கையில் நோட்டு வைத்திருப்பவர். பக்கத்தில் டீச்சர் வேறு நின்றிருப்பார். வேறு எந்தப் பதிலை எதிர்பார்த்தீர்கள்? மார்ட்டின் ஹியூஸ், ராபர்ட் கிரீவ் என்ற இரு ஆய்வாளர்கள் 1980இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. ஐந்து வயது, ஏழு வயதுக் குழந்தைகளிடம் அவர்கள் வேண்டுமென்றே பொருளற்ற கேள்விகளைக் கேட்டார்கள். ‘பால் தண்ணீரைவிடப் பெரியதா?’, ‘சிவப்பு மஞ்சளைவிடக் கனமானதா?’ என்ற மாதிரி. அநேகமாக எல்லாக் குழந்தைகளும் அக்கறையாகப் பதில் சொன்னார்கள். பாலுக்கு நிறம் இருக்கிறது, அதனால் அதுதான் பெரியது என்று காரணமும் சொன்னார்கள். பெரியவர் கேட்டுவிட்டால் அதில் ஏதோ பொருள் இருந்தே தீரும் என்று குழந்தை நம்புகிறது. அந்த நம்பிக்கையை நாம் கவனமாகக் கையாள வேண்டும்.

இன்னொன்று, கேட்டதையே திரும்பக் கேட்பது. சம எண்ணிக்கையில் இரண்டு வரிசை காய்களை வைத்து, ஒரு வரிசையை மட்டும் அகலப் பரப்பி, ‘இரண்டும் சமமா?’ என்று கேட்கும், உளவியலாளர் பியாஜேயின் சோதனை உங்கள் பாடத்திலேயே இருக்கும். வழக்கமாக, பரப்புவதற்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை கேட்பார்கள். 1974இல் சூசன் ரோஸ், மேரியன் பிளாங்க் இருவரும் பரப்பிய பிறகு ஒரே ஒருமுறை மட்டும் ஆறு வயதுக் குழந்தைகளைக் கேட்டுப் பார்த்தார்கள். பரப்பிய வரிசையில்தான் அதிகம் என்று சொல்லும் தவறுகள் குறைந்தன. மறுபடி கேட்டால் ‘முதலில் சொன்னது தப்பு போலிருக்கிறது’ என்று குழந்தை முடிவு கட்டுகிறது. வகுப்பில் அப்படித்தானே நடக்கிறது? சரியாகச் சொன்ன குழந்தையை எந்த டீச்சர் இரண்டாவது தடவை கேட்கிறார்? எனவே ஒருமுறை கேளுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். அந்த மௌனம் உங்களுக்குத்தான் கஷ்டமாக இருக்கும், குழந்தைக்கு இருக்காது.

இதைவிட நல்ல வழி, கேள்வியையே விட்டுவிடுவது. லண்டனில் அலிசன் கிளார்க், பீட்டர் மாஸ் இருவரும் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்காக ஒரு முறையை உருவாக்கி 2001இல் வெளியிட்டார்கள். ‘மொசைக் அணுகுமுறை’ என்று பெயர். குழந்தை கையில் கேமரா கொடுத்து, அதற்கு முக்கியமானதைப் படம் எடுக்கச் சொல்கிறார்கள். தன் இடத்தை நமக்குச் சுற்றிக்காட்டச் சொல்கிறார்கள். அந்தப் படங்களையும் ஓவியங்களையும் ஒட்டிக் குழந்தையே ஒரு வரைபடம் செய்கிறது. இவற்றோடு சின்ன உரையாடல், நம் கவனிப்பு, பெற்றோரும் டீச்சரும் சொல்வது எல்லாம் சேருகின்றன. உங்கள் வினாத்தாளுக்கும் இதில் இடம் உண்டு, நெறியாளரிடம் சொல்லுங்கள்.

சுற்றிக்காட்டச் சொல்வது எவ்வளவு பலன் தரும் என்பதற்கு நான் பார்த்ததைச் சொல்கிறேன். மதுரைப் பக்கம் ஒரு கிராமத்து அங்கன்வாடி. சுவர் முழுக்க அ அம்மா, ஆ ஆடு என்று புதுப் பெயின்ட். பார்வைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் படம் எடுத்துப் போவார்கள். நான்கு வயதுப் பெண் ஒருத்தி என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். சுவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே சமையலறைக்குப் பின்னால், தட்டு கழுவும் இடத்துக்கு அழைத்துப் போனாள். உதவியாளர் அம்மா தட்டு கழுவிக்கொண்டே கதை சொல்லும் இடம் அது. அடுத்து ஒரு ஜன்னல். கம்பியின் கீழ்ப்பகுதி மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. அவள் மோவாயை விளிம்பில் வைத்துக் காட்டியபோது காரணம் புரிந்தது: அங்கிருந்து பார்த்தால் அம்மா வேலைக்குப் போகும் பாதை தெரிகிறது. திரும்பும்போது நேரே வராமல் கூடத்தின் ஓரமாகவே சுவரை ஒட்டி நடந்தாள். நடுக்கூடத்தில் உத்தரத்தில் ஒரு கொக்கி. அண்ணாந்து பார்த்து ‘எடை’ என்று ஒரு சொல் சொன்னாள். எடை பார்க்கும் நாளில் தராசைத் தொங்கவிடும் கொக்கி. அன்று தராசு அங்கே இல்லை. ஆனாலும் அவள் அதன் கீழே நடக்கத் தயாராக இல்லை.

எந்த வினாத்தாளில் இது வந்திருக்கும்? அங்கன்வாடிப் பணியாளர் கேட்டதும் அசந்துபோனார். அடுத்த எடை நாளில் முதலில் ஒரு பொம்மையைத் தராசில் உட்கார வைத்துக் குழந்தைகளையே முள்ளைப் பார்க்கச் சொன்னார். பாயையும் ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டார். பணச் செலவு ஒன்றும் இல்லை.

கேள்வி: என் பேரனுக்கு நான்கு வயது. பள்ளிக்கு யானை வந்து இட்லி சாப்பிட்டது என்கிறான். இப்படிப்பட்ட பிள்ளைகள் சொல்வதையா ஆய்வு என்கிறீர்கள்?
(ஒரு தாத்தா, திருநெல்வேலி)

பதில்: ஆமாம் ஐயா, அதையும் சேர்த்துத்தான். யானை வந்ததா என்று விசாரிக்காதீர்கள், ‘அப்புறம்?’ என்று கேளுங்கள். அமெரிக்காவில் சிகாகோவின் மழலையர் பள்ளி ஆசிரியை விவியன் பேலி, குழந்தைகள் சொல்லும் கதைகளைச் சொல்லுக்குச் சொல் எழுதிவைத்து, பிறகு வகுப்பில் அவர்களையே நடிக்க வைத்தார். யாருக்கு எதில் பயம், யாரோடு யார் சேர வேண்டும் என்ற ஏக்கம், எல்லாம் அந்தக் கதைகளில் வந்துவிடும். உங்கள் பேரனின் யானை தனியாகச் சாப்பிட்டதா, யாராவது பக்கத்தில் உட்கார்ந்தார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. யாராவது அடித்தார்கள், தொட்டார்கள் என்று குழந்தை சொன்னால், கற்பனை என்று தள்ளவே கூடாது. துருவித் துருவியும் கேட்கக் கூடாது. ‘நீ சொன்னது நல்லது’ என்று சொல்லி, அதன் வார்த்தையை அப்படியே குறித்துக்கொண்டு, குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள். ஆய்வாளருக்கும் இதே விதிதான். ‘ரகசியம் காப்பேன்’ என்று குழந்தைக்கு வாக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் தவிக்காதீர்கள்.

கேள்வி: அங்கன்வாடிப் பணியாளர் நான். ஆய்வுக்கு என்று வருகிறவர்கள் ‘தாய் கையெழுத்துப் போட்டுவிட்டார்’ என்று சொல்லி, அழுகிற பிள்ளையையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்கிறார்கள். நான் தடுக்கலாமா?
(ஒரு பணியாளர், விருதுநகர் மாவட்டம்)

பதில்: தடுக்கலாம், தடுக்கவும் வேண்டும். தாயின் கையெழுத்து கதவைத் திறக்கும், அவ்வளவுதான். உட்காருவதா எழுந்து போவதா என்பதைக் குழந்தை ஒவ்வொரு நிமிடமும் தீர்மானிக்கலாம். ஐ.நா. சபையின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றுக்கொண்டது. தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையை அதன் 12ஆம் பிரிவு குழந்தைக்குத் தருகிறது. பேச்சு வருவதற்கு வெகு முன்பே குழந்தைகள் தங்கள் விருப்பத்தைப் பலவிதமாக வெளிப்படுத்துகிறார்கள் என்று 2005இல் அந்த உடன்படிக்கைக்கான குழு தெளிவாகவே விளக்கியிருக்கிறது.

இந்த வயதில் ‘மாட்டேன்’ என்பது வாயால் வருவது அபூர்வம். முகத்தைத் திருப்பும், பாவாடை நுனியைச் சவைக்கும், பாத்ரூம் போக வேண்டும் என்று மூன்றாம் தடவை எழுந்திருக்கும். இவையெல்லாம் உங்களுக்கு அத்துப்படி, வந்தவருக்குத் தெரியாது. ‘இந்தப் பிள்ளைக்கு இன்று வேண்டாம்’ என்று நீங்கள் சொன்னால் அதுவே முடிவு. எந்த அதிகாரியின் பெயரைச் சொன்னாலும் தயங்காதீர்கள். கிளம்பும் முன், எடுத்த படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுப் போகச் சொல்லுங்கள். தன் படம் வேண்டாம் என்று ஒரு பிள்ளை சொன்னால் அந்த இடத்திலேயே அழித்துவிட வேண்டும்.

கேள்வி: மூன்றரை வயது மகன் வெளியில் யாரிடமும் பேச மாட்டான். அவனைப் போன்றவர்களை ஆய்வில் விட்டுவிடுவார்களா?
(ஒரு தாய், சேலம்)

பதில்: சோம்பேறி ஆய்வாளர் விட்டுவிடுவார். மேலே சொன்ன கேமராவும் சுற்றிக்காட்டும் நடையும் இவனுக்காகத்தான் முதலில் தேவைப்படுகின்றன. வீட்டில் சரளமாகப் பேசுகிறானா என்று கவனியுங்கள். வீட்டிலும் பேச்சுக் குறைவு என்றால் தள்ளிப்போடாமல் காது கேட்கும் திறனைச் சோதித்துவிடுங்கள்.

கேள்வி: மழலையர் பள்ளி நடத்துகிறேன். பெற்றோருக்கு வேண்டியது எழுத்தும் எண்ணும். குழந்தை பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்க நேரம் எங்கே?
(ஒரு தாளாளர், ஈரோடு)

பதில்: பார்பரா டிசார்டும் முன்பு சொன்ன மார்ட்டின் ஹியூஸும், நான்கு வயதை எட்டவிருந்த 30 சிறுமிகளின் உடையில் மைக் பொருத்தி, வீட்டிலும் பள்ளியிலும் அவர்கள் பேசியதைப் பதிவு செய்தார்கள். 1984இல் புத்தகமாகவும் வந்தது. வீட்டில் அம்மாவைக் கேள்வியால் துளைத்த அதே சிறுமிகள் பள்ளியில் கேட்டது மிகக் கொஞ்சம். பள்ளியில் கேள்வி கேட்டதெல்லாம் டீச்சர்தான். சாதாரண உழைப்பாளிக் குடும்பங்களிலும் வீட்டுப் பேச்சு அவ்வளவு வளமாக இருந்தது.

உங்கள் வகுப்பில் ஒரு மணி நேரம் பின்வரிசையில் உட்காருங்கள். டீச்சர் கேட்கும் கேள்விகளை ஒரு பக்கமும் பிள்ளைகள் கேட்பவற்றை மறுபக்கமும் குறியுங்கள். டீச்சரைக் குறை சொல்ல அதைப் பயன்படுத்தாதீர்கள். இருவரும் சேர்ந்து பாருங்கள். பிள்ளைகளின் பக்கத்தில் எழுதியதை எனக்கு அனுப்பினால் அடுத்த இதழில் அதைப் பற்றிப் பேசலாம். பெயர்களை மட்டும் நீக்கிவிடுங்கள்.