பந்தயக் குவாட் பைக்குக்கு எந்த ஷாக் பொருந்தும்?

கேள்வி: மோட்டோகிராஸ் தடத்தில் ஓட்டுவதற்காக என் குவாட் பைக்கைத் தயார் செய்து வருகிறேன். சரிசெய்வதற்கான எல்லா வகைத் திருகுகளும் உள்ள விலையுயர்ந்த ஷாக் அப்சார்பர்களை வாங்கிவிட்டால் போதுமா? பொருத்திய பிறகு எதிலிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: போதாது. திருகுகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன், ஸ்பிரிங் உங்கள் எடைக்கு ஏற்றதா என்று பாருங்கள். ஹெல்மெட், பூட்ஸ், காப்புக் கவசங்கள் அனைத்தையும் அணிந்த நிலையில் உங்கள் எடை எவ்வளவு, ஏ-ஆர்ம்கள் (சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கைகள்) நீளமானவையாக மாற்றப்பட்டனவா, எவ்வகைத் தடத்தில் ஓட்டுகிறீர்கள் என்பவற்றைக் கேட்டறியாமல் ஷாக்கை விற்பவரிடம் வாங்காதீர்கள். ஏ-ஆர்மின் நீளம் ஏன் முக்கியம் என்றால், சக்கரம் 2 மி.மீ. நகரும்போது ஷாக் 1 மி.மீ. மட்டுமே நகரும் அமைப்பில், சக்கரம் உணரும் விறைப்பு ஸ்பிரிங்கின் விறைப்பில் கால் பங்குதான். ஆகவே வேறு அளவு ஏ-ஆர்முக்காக அமைக்கப்பட்ட ஷாக், பார்வைக்குப் பொருந்தினாலும், வேலையில் பொருந்தாது.

பந்தய ஷாக்குகள் பலவற்றில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஸ்பிரிங்குகள் இருக்கும். மி.மீ.க்கு 20 நியூட்டன் விறைப்புள்ள ஒன்றும் 30 நியூட்டன் உள்ள மற்றொன்றும் சேர்ந்து அமுங்கும்போது கிடைப்பது 12 நியூட்டன்தான். சிறு மேடுகளில் சக்கரம் தரையைவிட்டு எழாமல் ஓடுவதற்கு இந்த மென்மை உதவுகிறது. குறிப்பிட்ட அளவு அமுங்கியதும் மென்மையான ஸ்பிரிங்கின் நகர்வை ஒரு வளையம் நிறுத்திவிட, அதன்பின் 30 நியூட்டன் ஸ்பிரிங் மட்டுமே தாவலின் இறக்கத்தைத் தாங்குகிறது. அந்த மாற்றம் நிகழும் இடத்தையும் உங்கள் எடையைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும்.

பொருத்திய பிறகு, கவசங்களுடன் நீங்கள் அமரும்போது வண்டி எவ்வளவு தாழ்கிறது என்பதை முதலில் அளந்துகொள்ளுங்கள். சக்கரங்கள் முழுவதும் தொங்கும்படி வண்டியைத் தூக்கி நிறுத்தி, அச்சிலிருந்து அதற்கு நேர் மேலே சட்டத்தில் உள்ள ஒரு நிலையான புள்ளிவரை அளவெடுத்து, பிறகு தரையில் இறக்கி, நீங்கள் அமர்ந்த நிலையில் அதே அளவை இன்னொருவரை எடுக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சக்கரத்தின் மொத்தப் பயணத்தில் (அது மேலும் கீழும் நகரக்கூடிய தூரத்தில்) ஏறத்தாழ 30 விழுக்காடு என்பது நல்ல தொடக்கம், 250 மி.மீ. பயணமுள்ள வண்டியில் அது 75 மி.மீ. ஆகும். இந்த அளவை எட்டுவதற்கு, ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கிவைக்கும் ப்ரீலோடு வளையத்தை மிகவும் இறுக்க வேண்டியிருந்தால் ஸ்பிரிங் மென்மையானது என்று பொருள். வளையத்தை இறுக்குவது வண்டியின் உயரத்தை மாற்றுமே தவிர ஸ்பிரிங்கின் விறைப்பை மாற்றாது. இதை மறந்து பலர் வளையத்தோடே மல்லுக்கட்டுகிறார்கள்.

அடுத்தது ரீபவுண்டு, அதாவது அமுங்கிய ஷாக் மீண்டெழும் வேகம். திருகை மென்மையாக, முட்டும்வரை உள்ளே திருப்பிக் கிளிக்குகளை எண்ணிக் குறித்துவைத்த பிறகே எதையும் மாற்றுங்கள். மேட்டைக் கடந்ததும் பின்பக்கம் உதைத்தெழுந்தால் ரீபவுண்டு வேகமாக இருக்கிறது. தொடர் மேடுகளில் வண்டி படிப்படியாகத் தாழ்ந்து கடினமாகிக்கொண்டே போனால், ஷாக் மீண்டெழ நேரம் கிடைக்கவில்லை, அது மெதுவாக இருக்கிறது. ஷாக் அமுங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கம்ப்ரெஷனைக் கடைசியாகத் தொடுங்கள். லோ-ஸ்பீடு திருகு திருப்பத்தில் சாய்வதையும் பிரேக்கில் முன்பக்கம் அமிழ்வதையும், ஹை-ஸ்பீடு திருகு தாவலின் இறக்கத்தையும் கூர்மையான மேடுகளையும் கவனிக்கின்றன. இங்கே வேகம் என்பது ஷாக்கின் தண்டு நகரும் வேகம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு திருகை மட்டும், அதே தடத்தில், அதே டயர் காற்றழுத்தத்தில் மாற்றிப் பாருங்கள். முன்பக்க உயரம் மாறினால் சக்கரங்களின் சாய்வையும் உள்நோக்கிய கோணத்தையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

கேள்வி: சில சுற்றுகளுக்குப் பிறகு ஷாக் தளர்ந்துவிடுகிறது. திருகுகளை இறுக்கலாமா?

பதில்: அது திருகால் தீராது. எண்ணெய் சூடேறி நீர்த்துவிட்டது, அல்லது அதில் வாயு கலந்து நுரைக்கிறது. தனிக் கலம் உள்ள ஷாக்கில் மிதக்கும் பிஸ்டனோ ரப்பர் பையோ நைட்ரஜனையும் எண்ணெயையும் பிரிக்கிறது. அந்த அடைப்பு கசிந்தாலும், எண்ணெய் பழசானாலும் இதுவே நேரும். நைட்ரஜன் உயர் அழுத்தத்தில் இருப்பதால் கலத்தை நீங்களே திறக்காதீர்கள்; ஷாக் பழுதில் பயிற்சி பெற்றவரிடம் கொடுத்து எண்ணெயையும் சீல்களையும் மாற்றி, வாயு அழுத்தத்தையும் தயாரிப்பாளர் சொன்ன அளவில் நிரப்பச் சொல்லுங்கள்.