ஃப்ளஷ்ஷுக்கு ஒரு ஆட்டின் கொறைச்சல், கோல் பண்ணினது தப்பா?

கேள்வி: அக்கா, தீபாவளி லீவுக்கு கொழும்புல இருந்து மச்சான்மாரு வந்திருந்தாங்க, மழையும் விடல, இஸ்தோப்புல உக்காந்து தீக்குச்சி வச்சு டெக்ஸஸ் ஹோல்டெம் (ஆளுக்கு ரெண்டு சீட்டு கையில, அஞ்சு பொதுச் சீட்டு நடுவுல விழுற போக்கர்) வெளையாண்டோம். என் கையில ஆட்டின் (ஹார்ட்) ஆஸ், ஆட்டின் 9. ஃப்ளொப்புல, அதாவது நடுவுல மொதல்ல விழுற மூணு சீட்டுல, ஆட்டின் கிங், ஆட்டின் 7, கிளாவர் 2. பொட்டுல, அதாவது எல்லாரும் கட்டின குவியல்ல, 60 குச்சி. பெரிய மச்சான் மிச்சமிருந்த 30ஐயும் தள்ளி ஓல் இன் போனாரு, நானும் 30 கட்டி கோல் பண்ணினேன். ஆட்டின் வரவே இல்ல, அவருகிட்ட மூணு 7. ஒண்ணுமில்லாத கைய வச்சுக்கிட்டு ஏன் வந்தன்னு எல்லாரும் சிரிக்கிறாங்க. தப்பா அக்கா?
- ஹட்டன் வாசகர்

பதில்: தப்பே இல்ல தம்பி, சிரிச்சவங்க தான் கணக்கு பாக்கல. ஃப்ளஷ்ஷுக்கு ஒரே ஜாதி சீட்டு அஞ்சு வேணும். 13 ஆட்டின்ல 2 ஒங்க கையில, 2 போர்ட்ல (நடுவுல விரிச்ச சீட்டுல), மிச்சம் 9. அவரு ஓல் இன் போயிட்டதால ஒரே தடவ 30 குச்சி கட்டி இன்னும் விழ வேண்டிய ரெண்டு சீட்டையும் (நாலாவது டேர்ன், அஞ்சாவது ரிவர்) பாத்துறலாம், அதுல ஒரு ஆட்டினாச்சும் வர்றதுக்கு 35 சதவீதம் இருக்கு. நீங்க 30 கட்டினா மொத்த பொட் 120, அப்ப 4 தடவைக்கு 1 தடவ ஜெயிச்சாலே நட்டமில்ல. அவருகிட்ட வெறும் கிங் ஜோடி இருந்திருந்தா இன்னொரு ஆஸ் வந்தாலும் ஒங்களுக்குத்தான், அப்ப 45 சதவீதம் கிட்ட வந்துரும்.

மூணு 7 தான் ஒங்களுக்கு ரொம்ப மோசம். ஏன்னா ஆட்டின் 2 வந்தா ஒங்களுக்கு ஃப்ளஷ், ஆனா அதே 2 போர்ட்ல ஜோடியாகி அவருக்கு ஃபுல் ஹவுஸ் (ஒரே நம்பர்ல மூணும் இன்னொரு ஜோடியும், ஃப்ளஷ்ஷ விட பெருசு) ஆயிரும், டேர்ன்லயே நல்ல ஆட்டின் விழுந்தாலும் ரிவர்ல போர்ட் ஜோடியானா போச்சு. அதனால 35 எறங்கி 25 கிட்ட வந்து நிக்கும். அப்பவும் பாருங்க, நீங்க கட்டின 30க்கு அது சரிக்கு சரி!

எனக்கு பயம் வேற எடத்துல தான். இதே ஃப்ளொப்புல மச்சான் முன்னால இன்னும் 300 குச்சி இருந்து, அதுல 30 மட்டும் போட்டாருன்னா, அந்த 30க்கு நீங்க பாக்குறது ஒரே ஒரு சீட்டு, நீங்க பாக்காத 47 சீட்டுல 9, அதாவது 19 சதவீதம். வெலை, அதாவது நட்டமில்லாம இருக்க நீங்க ஜெயிக்க வேண்டிய அளவு, அதே 25 சதவீதம். அடுத்து ஆட்டின் விழுந்தா அவரு மேல மேல கட்டுவாருன்னு நம்பிக்கை இருந்தா மட்டும் போங்க, போர்ட்ல மூணு ஆட்டின பாத்ததும் கைய கட்டிக்கிட்டு சும்மா இருக்கிற ஆளுன்னா விட்டுருங்க. நடுவுல ஒரு சீட்டு விட்டுப்போன ஸ்ட்ரெயிட்டுக்கு (வரிசையா அஞ்சு சீட்டு) 4 சீட்டு தான் இருக்கு, அதுக்கு இந்த வெலையில போகவே போகாதீங்க தம்பி.