11 மணிக்குப் பறவை வீட்டில் இருக்காது

கேள்வி: டிசம்பரில் குடும்பத்தோடு வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம் போயிருந்தோம். காலை 11 மணி. மரமெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். எது என்ன பறவை என்றே புரியவில்லை. அரை மணி நேரத்தில் பையன் ‘போலாம்பா’ என்று ஆரம்பித்துவிட்டான். விலை கூடின பைனாகுலர் வாங்கினால்தான் சரிப்படுமா?
- வாசகர், குரோம்பேட்டை

பதில்: பைனாகுலர் இருக்கட்டும், முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். ஏரி பறவைகளுக்குக் குடித்தனம் நடத்தும் இடம். சாப்பாடு வெளியேதான், சுற்றுவட்டார வயலிலும் குட்டையிலும். 11 மணிக்குப் பாதிப் பேர் வேலைக்குப் போயிருப்பார்கள்.

அடுத்த தடவை மூன்று மணிவாக்கில் போங்கள். நேரே பறவை பார்க்கும் கோபுரத்தில் ஏறாமல், வழியில் தண்ணீர் நிற்கும் வயலாகப் பார்த்து வண்டியை ஓரங்கட்டுங்கள். அநேகமாக நத்தைகுத்தி நாரை நிற்கும். அழுக்கு வெள்ளை உடம்பு, கறுப்பு இறக்கை. அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடுக்கு. அந்தப் பக்கத்து வெளிச்சம் அதன் வழியே தெரியும். சேற்றில் அலகை விட்டுத் துழாவும். நத்தை சிக்கியதும் தரையோடு அழுத்திக்கொண்டு, கீழலகின் நுனியை ஓட்டுக்குள் நுழைத்துச் சதையை அறுத்து உருவிவிடும். ஓடு பெரும்பாலும் உடைவதில்லை. வரப்பில் காலி ஓடு கிடந்தால் பையன் கையில் கொடுங்கள். குஞ்சுக்கு அந்த இடுக்கு கிடையாது, வளர வளரத்தான் வரும் என்பதையும் சொல்லிவையுங்கள். ஏரிக்குப் போனதும் அவனே குஞ்சைத் தேடுவான்.

ஐந்து மணிக்குக் கரைக்கு வந்துவிடுங்கள். அரிவாள் மாதிரி வளைந்த அலகுள்ள அரிவாள் மூக்கன்களும் கொக்குகளும் கூட்டம் கூட்டமாக வீடு திரும்பும் நேரம். இருட்டப் போகும்போது வக்கா என்ற இராக்கொக்கு ‘வக்’ என்று கத்திக்கொண்டு எதிர்ப்பக்கம் கிளம்பும். அதற்கு நைட் ஷிஃப்ட். (வாசலை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.)

பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். அதனால் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டு, பறவைகளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று 1798-லேயே எழுத்தில் உத்தரவு வாங்கிவிட்டார்கள். அதனால் கரையில் பட்டாசுச் சத்தமும் பாட்டும் வேண்டாம்.

சரி, பைனாகுலர். 8x42 (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் லென்ஸ் 42 மி.மீ.) என்று போட்டிருப்பதே தாராளம். கடையில் 20 மடங்கு என்று ஆசை காட்டுவார்கள். கை நடுக்கமும் 20 மடங்காகத் தெரியும்.

கேள்வி: மே மாத லீவில் போகலாமா?
- வாசகி, மதுராந்தகம்

பதில்: நானும் முதன்முதலில் மே மாதம்தான் போனேன். ஏரிக்குள் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. மழைத் தண்ணீரை நம்பிய ஏரி அது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை போங்கள், மழை பொய்த்த வருடமென்றால் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். அன்றைக்கு ஓர் ஆட்டின் முதுகில் கரிச்சான் ஒன்று சவாரி போனது. நோட்டில் எழுதியது அது ஒன்றுதான்.