டிக்கெட் எடுத்தாலே சுங்கத்துறைக்குத் தெரியுமா?

கேள்வி: சிங்கப்பூருக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். என் கைபேசி எண், கார்டு விவரமெல்லாம் சுங்கத்துறைக்கும் போய்விடும் என்கிறார்கள். உண்மையா? வேறு யாருக்கெல்லாம் கொடுப்பார்கள்? – வாசகி, திருச்சி

பதில்: உண்மைதான். 2022 ஆகஸ்டில் வந்த விதிகளின்படி, பன்னாட்டு விமானங்களின் முன்பதிவு விவரத்தை, புறப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பே விமான நிறுவனம் சுங்கத்துறைக்கு அனுப்ப வேண்டும். தவறினால் ஒவ்வொரு முறைக்கும் 25,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். பெயர், தொடர்பு எண், பணம் கட்டிய விவரம், உடன் வருபவர்கள், இருக்கை, பெட்டிகள் எல்லாம் அதில் அடங்கும். புதிதாக எதையும் உங்களிடம் கேட்பதில்லை. டிக்கெட் எடுக்கும்போது பதிவானதுதான் போகிறது. அதனால் ஏஜென்ட் வழியாக எடுத்தவர்கள், பதிவில் இருப்பது தங்கள் எண்ணா, ஏஜென்டின் எண்ணா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

கடத்தல் போன்ற சுங்கக் குற்றங்களைத் தடுக்கவும் விசாரிக்கவும்தான் இந்த ஏற்பாடு. மதம், இனம், அரசியல் கருத்து, உடல்நலம் ஆகியவற்றை வெளிப்படுத்தும் விதத்தில் தகவலை அலசக் கூடாது. விசாரணைக்கோ வழக்குக்கோ தேவைப்பட்டாலன்றி, 5 ஆண்டுக்கு மேல் உங்கள் பெயரோடு வைத்திருக்கவும் கூடாது. ஆனால் இந்தியாவின் பிற விசாரணை அமைப்புகள், அரசுத் துறைகள், வெளிநாட்டு அமைப்புகள் வரை பகிரலாம். மொத்தமாக அள்ளிக் கொடுக்க முடியாது. ஒவ்வொரு வழக்காகப் பார்த்து, நோக்கத்தைக் குறிப்பிட்டே தர வேண்டும். நமக்குக் கவலை தருவது வேறு. குற்றத் தடுப்புக்காகக் கையாளும் தகவலுக்கு, 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே பெருமளவு விலக்கு தந்துவிட்டது. ஆக, ‘என் தகவலை யாருக்குக் கொடுத்தீர்கள்’ என்று அந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்பது கடினம். இதைச் சரிசெய்தே ஆக வேண்டும்.

கேள்வி: ‘உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, ஆதார் நகலும் வரிப் பணமும் அனுப்புங்கள்’ என்று போன் வந்தது. நம்பலாமா? – வாசகர், மதுரை

பதில்: அடையாளச் சான்று கேட்பது மட்டும் மோசடி ஆகாது, வெளிநாட்டுப் பார்சலை விடுவிக்கக் கூரியர் நிறுவனம் அதைக் கேட்டாக வேண்டும். பணத்தைத் தனிநபர் கணக்குக்குப் போடச் சொன்னால் சந்தேகமே வேண்டாம், மோசடிதான். முதலில் பார்சல் எண்ணைக் கேளுங்கள். அவர்கள் அனுப்பும் இணைப்பைத் தொடாமல், கூரியரின் இணையதளத்தில் நீங்களே அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். சுங்கத்துறைக் கடிதம் என்று எதையாவது காட்டினால், அதில் 20 இலக்க ஆவண அடையாள எண் இருக்கிறதா என்று கவனியுங்கள்; மறைமுக வரிகள் வாரியத்தின் இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம். உண்மையான பார்சல் என்றால், ஆதார் நகலின் குறுக்கே பார்சல் எண், தேதி, ‘சுங்க விடுவிப்புக்கு மட்டும்’ என்று எழுதி அனுப்புங்கள். பணம் போய்விட்டதா? தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 உதவி எண்ணுக்கு அழையுங்கள்.