சிகாகோவுக்கு எத்தனை டிக்கெட் போடுவது?

கேள்வி: டாலஸ் பக்கம் பிளேனோவில் இருக்கிறோம். மகளுக்கு 17 வயது. ஆறு வயதிலிருந்து கர்நாடக சங்கீதம். ஹைஸ்கூலில் மேடைப் பைத்தியம் பிடித்து, கல்லூரியில் பாட்டும் நடனமும் நடிப்பும் சேர்ந்த மியூசிக்கல் தியேட்டர்தான் படிப்பேன் என்று விண்ணப்பித்திருக்கிறாள். வீடியோ சுற்றில் ஏழு கல்லூரிகளில் தேறிவிட்டாள். பிப்ரவரி முதல் வாரம் சிகாகோவில் மூன்று நாளில் ஐந்து ஆடிஷன். பிறகு சின்சினாட்டியிலும் சான் மார்க்கஸிலும் வளாகத்துக்கே போக வேண்டும். கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் என் மாமியார் பேத்தி பாடுவதைப் பார்த்தே தீருவேன் என்கிறார். பத்து வயது மகன் வேறு. "எல்லாருமாப் போய் ஊரையும் பாத்துட்டு வந்துடலாம்" என்கிறார் கணவர். போகலாமா?

பதில்: முதலில் மாமியாரிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். பேத்தி பாடுவதை அங்கே யாரும் பார்க்க முடியாது. ஆடிஷன் அறைக்குள் பெற்றோரை விடுவதில்லை. வெளியே ஒரு நீண்ட நடை, நாலைந்து நாற்காலிகள், சுவரோரம் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து முணுமுணுக்கும் பிள்ளைகள். உங்கள் மகள் உள்ளே போவாள், சில நிமிடங்களில் வெளியே வருவாள். குடும்பத்துக்குக் கிடைக்கும் காட்சி அவ்வளவுதான். அரங்கேற்றம் மாதிரி நினைத்துப் பட்டுப்புடவை எடுத்து வைத்திருந்தால் அது பெட்டியிலேயே இருக்கட்டும்.

சிகாகோவில் நடப்பது யூனிஃபைட்ஸ் என்று இந்த வட்டாரத்தில் சொல்லும் கூட்டு ஆடிஷன். பல கல்லூரிகளின் தேர்வாளர்கள் ஒரே வாரத்தில் ஒரே ஊருக்கு வந்து அறை பிடித்து உட்காருவார்கள். நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ் ஆகியவை வழக்கமான ஊர்கள். சிகாகோவில் பல ஆண்டுகளாக மன்ரோ தெருவில் உள்ள பாமர் ஹவுஸ் ஹோட்டல்தான் மையம். ஆனால் எல்லாக் கல்லூரியும் அங்கேயே இருக்கும் என்று எண்ண வேண்டாம். பக்கத்து ஹோட்டலிலோ நடன ஸ்டுடியோவிலோ இடம் பிடித்திருப்பவர்களும் உண்டு. ஐந்து கல்லூரியின் கடிதங்களையும் எடுத்து, முகவரியை மட்டும் ஒரு தாளில் தனியாக எழுதிப் பாருங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். சிகாகோவுக்கு இரண்டு டிக்கெட் போதும். மகளுக்கு ஒன்று, பெற்றோரில் ஒருவருக்கு ஒன்று. அம்மாவா அப்பாவா என்று நீங்கள் பேசி முடிவெடுக்காமல் மகளிடமே கேளுங்கள். யார் பக்கத்தில் இருந்தால் அவளுக்குத் தூக்கம் வருமோ அவர் போகட்டும். அது நீங்களாக இல்லாமல் போனால் வருத்தப்படக் கூடாது. பல வீடுகளில் அது அப்பாவாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். காரணம் எளிது, அவருக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் கேள்வியும் கேட்க மாட்டார்.

செலவுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. மூன்று நாளில் ஐந்து என்றால் ஒவ்வொன்றிலும் பாட்டு, மோனோலாக் என்னும் தனி நடிப்பு வசனம், பெரும்பாலும் ஒரு டான்ஸ் கால் (கூட்டமாக ஆடவைத்துப் பார்க்கும் சுற்று), பிடித்துப்போனால் அதே நாளில் கால்பேக், அதாவது மறுபடி கூப்பிட்டுப் பார்ப்பது. டான்ஸ் கால் ஒரு மணி நேரத்தைத் தாண்டுவது சர்வ சாதாரணம். பத்து மணிக்கு முடியும் என்று சொன்னது பன்னிரண்டுக்கும் முடியலாம். இதற்கு நடுவில் "தம்பிக்குப் பசிக்கிறதாம்", "பாட்டி ரூமில் தனியா இருக்காங்க" என்று போன் வந்துகொண்டிருந்தால் அந்தப் பெண் எங்கே கவனம் வைப்பாள்?

ஆடிஷன்களுக்கு இடையே இரண்டு மணி நேரமாவது விடுங்கள். ஒரு நாளில் இரண்டுக்கு மேல் வேண்டாம். ஏற்கெனவே மூன்று விழுந்திருந்தால் இப்போதே கல்லூரிக்கு எழுதுங்கள். பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் நேரம் மாற்றித் தருவார்கள். முதல் நாளின் முதல் ஆடிஷன் அவள் மிகவும் ஆசைப்படும் கல்லூரியாக இருந்தால் அதையும் மாற்றப் பாருங்கள். முதல் அறையில் எல்லாருக்கும் கை சில்லிட்டுப் போயிருக்கும்.

விமானம். டாலஸிலிருந்து சிகாகோவின் ஓஹேர், மிட்வே விமான நிலையங்கள் இரண்டுக்கும் இரண்டரை மணி நேரம்தான் என்று முந்தின நாள் மாலை விமானத்தில் போடாதீர்கள். இந்த ஆடிஷன்கள் விழும் வாரம் சிகாகோவின் குளிர் தன் வேலையைக் காட்டும் வாரம். 2011 பிப்ரவரி 1, 2 தேதிகளில் 21 அங்குலப் பனி கொட்டி, லேக் ஷோர் டிரைவில் நூற்றுக்கணக்கான கார்கள் நடுவழியில் நின்றன. 2019 ஜனவரி 30 அன்று ஓஹேரில் மைனஸ் 30 டிகிரி செல்சியஸ். சிகாகோவை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் உங்கள் டாலஸில்தான் பனிக்கட்டி மழை பெய்து விமானங்கள் கொத்துக்கொத்தாக ரத்தாயின. ஆகவே, முதல் ஆடிஷன் வெள்ளிக்கிழமை என்றால் புதன்கிழமை காலையின் முதல் விமானம். காலை விமானங்கள் தாமதமாவது குறைவு. அது ரத்தானாலும் அன்று மாலையும் மறுநாள் முழுவதும் கையில் இருக்கும். விமான நிறுவனமே ரத்து செய்து, அவர்கள் தரும் மாற்று விமானம் உங்களுக்கு வேண்டாமென்றால், பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். வவுச்சரை நீட்டினால் வாங்க வேண்டிய கட்டாயமில்லை.

ஓஹேரிலிருந்து ப்ளூ லைன் ரயில் நேரே மன்ரோ நிலையத்துக்கு வரும், முக்கால் மணி நேரம். மிட்வேயில் இறங்கினால் ஆரஞ்சு லைன், அரை மணிக்குள். பனி கொட்டும் நாளில் டாக்ஸியை விட ரயிலைத்தான் நம்புவேன்.

பெட்டி விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. பாட்டின் நோட்டேஷன் தாள்களைக் கோத்த பைண்டர், நடனக் காலணிகள், ஆடிஷன் உடை ஒரு செட், மூன்றும் கைப்பையில்தான் வர வேண்டும். நான் தயார்படுத்திய ஒரு பெண்ணின் பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டது. ஹீல்ஸ் காலணியில் ஆட வேண்டிய சுற்றை அவள் சாக்ஸோடு ஆடினாள். தேர்வாளர்கள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் வழுக்கிவிடுமோ என்ற பயத்தில் அவள் ஒரு தாவலைக்கூட முழுதாகத் தாவவில்லை.

பைண்டரைப் பற்றி, கர்நாடக சங்கீதம் கற்ற பிள்ளைகளுக்காகவே ஒன்று. நமக்குச் சுருதிப் பெட்டியில் கட்டையைத் திருகினால் போதும். தொண்டை கட்டியிருந்தால் அரைக் கட்டை இறக்கிக்கொள்வோம். அங்கே பியானோ வாசிப்பவர் அவளை அந்த நிமிடம்தான் முதல்முறையாகப் பார்க்கிறார். காகிதத்தில் என்ன இருக்கிறதோ அதைத்தான் வாசிப்பார். "கொஞ்சம் இறக்கி வாசிக்க முடியுமா" என்று கேட்பது நியாயமும் இல்லை. எனவே அவள் பாடும் சுருதியிலேயே அச்சிட்டு, எங்கே தொடக்கம், எங்கே முடிவு என்று பெரிதாகக் குறித்து, பளபளக்காத தாளில் வைத்துக்கொள்ளட்டும். காலநடையை விரலைச் சொடுக்கிக் காட்டக் கூடாது, மரியாதைக் குறைவு. இரண்டு வரி மெதுவாக முணுமுணுத்துக் காட்டினால் அவர் பிடித்துக்கொள்வார். மூத்த பக்கவாத்தியக்காரரிடம் எப்படி நடந்துகொள்வாளோ அப்படித்தான். இதை அவளுக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டிய அவசியமே இருக்காது.

ஹோட்டல் அறைதான் தொண்டைக்குப் பெரிய எதிரி. வெளியே உறைபனி, உள்ளே இரவெல்லாம் ஹீட்டர். காலையில் எழுந்தால் தொண்டை அப்பளமாகக் காய்ந்திருக்கும். கையடக்கமான ஹ்யூமிடிஃபையர் ஒன்று கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு அந்த ஆவியில் பத்து நிமிடம் உட்காரட்டும். விமானத்தில் ஏறியதிலிருந்தே தண்ணீர் குடிக்க வேண்டும். பாடுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் குடிக்கும் தண்ணீரால் பெரிய பயன் இல்லை. மெந்தால் மிட்டாய் வேண்டாம். மரத்துப்போன தொண்டைக்கு எங்கே வலிக்கிறது என்று தெரியாது. ராத்திரி ஒன்பது மணிக்கு இந்தியக் கடைகள் நிறைந்த டெவன் அவென்யூ போய்க் காரசாரமாகச் சாப்பிடும் ஆசையைக் கடைசி நாளுக்குத் தள்ளிப்போடுங்கள். படுத்ததும் நெஞ்செரிச்சலாக மேலேறும் அமிலம் குரல் நாண்கள் வரை போய் எரிச்சலூட்டலாம்.

மாமியாருக்கு இங்கே ஒரு பெரிய வேலை இருக்கிறது. கொஞ்சம் அதிமதுரம், பனங்கற்கண்டு, ஒரு பிளாஸ்க். இளஞ்சூடாகக் குடிப்பதில் தவறில்லை. ஆனால் புதிதாக எந்தக் கஷாயத்தையும் சிகாகோவில் பரிசோதித்துப் பார்க்க வேண்டாம். ஜனவரியிலேயே வீட்டில் கொடுத்து, ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துவிடட்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும் எல்லோரும்தான் போவீர்கள் என்றால் (உங்கள் கணவரின் குரல் எனக்கு இங்கே கேட்கிறது), இரண்டு அறை எடுங்கள், முடிந்தால் வேறு வேறு மாடியில். மாமியார் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்கட்டும். 2025 மே 7 முதல் உள்நாட்டு விமானத்துக்கும் 18 வயது நிரம்பியவர்கள் ரியல் ஐடியோ (மாநிலம் தரும் தரப்படுத்திய அடையாள அட்டை அல்லது லைசென்ஸ்) அதற்கு ஈடான ஆவணமோ காட்ட வேண்டும், இந்தியப் பாஸ்போர்ட் செல்லும். மகளுக்குப் பயணத்துக்குள் 18 முடிந்தால் அவளுக்கும் இது பொருந்தும். பகலில் ஆடிஷன் நடக்கும் பக்கமே இவர்கள் வர வேண்டாம். பாமர் ஹவுஸிலிருந்து ஐந்தாறு நிமிட நடையில் ஆர்ட் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். 1893 செப்டம்பர் 11 அன்று விவேகானந்தர் பேசியது அந்தக் கட்டிடத்தில்தான். அவரை அனுப்ப அளசிங்கப் பெருமாள் சென்னையில் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டிய கதையைப் பாட்டி பேரனுக்குச் சொன்னால் ஒரு மத்தியானம் போய்விடும். பாட்டிக்கு நல்ல பிடிப்புள்ள பூட்ஸ் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். அந்த நடைபாதையில் செருப்பும் சாக்ஸும் ஆபத்து. விசிட்டர் இன்ஷூரன்ஸ் அட்டையும் கையில் இருக்கட்டும்.

யார் கூடப் போனாலும் ஒரு கட்டுப்பாடு. அவள் கதவைத் திறந்து வெளியே வந்ததும் "எப்படிப் பண்ணினே?" என்று கேட்காதீர்கள். அவளுக்கே தெரியாது. சிரித்துக்கொண்டே நன்றி சொல்லி அனுப்பியவர்கள் எடுக்காமல் போவதும் உண்டு, பாதியில் நிறுத்தியவர்கள் எடுத்துக்கொள்வதும் உண்டு. நீங்கள் கேட்டால் அவள் ஏதாவது ஒரு பதில் சொல்ல வேண்டும், சொன்ன பதிலை அடுத்த அறைக்குச் சுமந்துகொண்டு போவாள். கோட்டை நீட்டுங்கள், "சாப்பிடறியா?" என்று கேளுங்கள். நடையில் மற்ற பெற்றோர் "உங்க பொண்ணு எத்தனை கால்பேக்?" என்று விசாரிப்பார்கள். சிரித்துவிட்டுக் காபி வாங்கப் போய்விடுங்கள்.

சின்சினாட்டிக்கும் இரண்டே டிக்கெட். இந்தப் படிப்பில் நாட்டின் முன்னோடித் துறைகளில் ஒன்று அங்குள்ள பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. வளாகத்தைச் சுற்றிப் பார்க்கவும் மாணவர்களிடம் பேசவும் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கென்டக்கியில் இருக்கிறது, டிக்கெட்டைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

குடும்பமாகப் போக வேண்டியது சான் மார்க்கஸ்தான். டெக்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகம், காரில் நாலு மணி நேரம் சொச்சம். வழியில் வேக்கோவில் நிறுத்தி, கட்டுச்சோறாகக் கொண்டுபோன புளியோதரையைச் சாப்பிடலாம். முந்தின இரவே போய்த் தங்கிவிடுங்கள். மறுநாள் ஆடிஷன் முடிந்து அவள் உடை மாற்றிக்கொண்ட பிறகு, ஊர் திரும்பும் வழியில் காரில் பாட்டி கேட்கட்டும். ஆடிஷனில் பாடிய பாட்டுகளை அவள் முன் இருக்கையிலிருந்து திரும்பி முழுசாகப் பாடிக் காட்டுவாள், நிறுத்தச் சொல்ல அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.