சாளையில் படிக்கும் அப்பாருக்கு கிண்டிலா, டேப்லெட்டா?

கேள்வி: எங்கள் அப்பாருக்கு 76 வயது. கோபி பக்கம் தோட்டத்து வீடான சாளையில்தான் பகல் முழுக்க இருப்பார். தமிழ் இணையக் கல்விக்கழக மின்நூலகத்தில் இருந்து பழைய சதகங்கள், ஊர் வரலாறு என்று பிடிஎஃப்களை இறக்கிச் செல்போனில் படிக்கிறார். கண் எரிகிறது என்கிறார். என்ன வாங்கித் தரலாம்?

பதில்: கடைக்குப் போகும் முன் கோப்புகளைச் சோதித்துவிடுங்கள். பிடிஎஃப்பைத் திறந்து ஒரு வரியின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். எழுத்து தேர்வாகவே இல்லையென்றால் அது பக்கம் பக்கமாக எடுத்த படம். தேர்வானால் நகலெடுத்து வாட்ஸப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் நல்லது, ஈபப் என்ற மின்நூல் வடிவத்துக்கு மாற்றி எழுத்தை வேண்டிய அளவு பெரிதாக்கலாம். ஏதேதோ ஆங்கிலக் குறிகளாக வந்தால் பாமினி மாதிரிப் பழைய எழுத்துரு. அதையும் படமாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாரு படிப்பவை பெரும்பாலும் படங்களாகத்தான் இருக்கும். படத்தில் எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது, பக்கத்தையே விரித்து நகர்த்த வேண்டும். கிண்டில் போன்ற, அச்சுத்தாள் மாதிரியே தெரியும் மின்தாள் திரையில் அந்த வேலை மாட்டு வண்டி வேகம். அதனால் பலர் நேராக டேப்லெட்டைக் கைகாட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பட்டப்பகலில் தென்னந்தோப்பில் டேப்லெட்டைத் திறந்தால் அவர் முகம்தான் தெரியும். மின்தாளோ வெளிச்சம் கூடக்கூடத் தெளியும். பக்கம் திருப்பும்போதுதான் முக்கியமாகக் கரண்டு எடுக்கும் என்பதால் வாரக்கணக்கில் சார்ஜ் நிற்கும்.

அளவுக் கணக்கும் ஒத்துவருகிறது. டெம்மி அளவுப் புத்தகம் ஏறக்குறைய 14 செ.மீ. அகலம், 21.5 செ.மீ. உயரம். 7 அங்குலக் கிண்டிலைக் குறுக்காகத் திருப்பினால் திரை அகலமும் 14 செ.மீ.தான். அச்சில் இருந்த அதே அளவில் எழுத்து தெரியும், பாதிப் பக்கம் பாதிப் பக்கமாகப் படித்துப் போகலாம். அதைவிடச் சிறிய கிரவுன் அளவுப் பழைய புத்தகம் என்றால் இன்னும் பெரிதாகவே தெரியும். பழுப்பேறிய தாள் சாம்பலாகத் தெரிவது ஒரு குறை. பெரிய கோப்புகளைக் கேபிள் வழியாக ஏற்றிவிடுங்கள்.

ஏ4 தாளில் வந்த ஆவணங்களும், இரண்டு பக்கத்தைச் சேர்த்து எடுத்த படங்களும்தான் அதிகம் என்றால் 7 அங்குலம் பத்தாது. அப்போது 10, 11 அங்குல டேப்லெட் வாங்கி, தோப்பை விட்டுத் திண்ணைக்கு வரச் சொல்ல வேண்டியதுதான். 10 அங்குல மின்தாள் கருவிகளும் உண்டு, விலைதான் எகிறும்.

சரி, காசு கொடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். இப்போதைய பெரிய செல்போன்களின் திரை நீளம் ஏறத்தாழ 15 செ.மீ. அவருடைய போனைக் குறுக்காகத் திருப்பி, பக்கத்தின் அகலம் திரை முழுக்க வரும்படி வைத்துக் கொடுங்கள். 7 அங்குலக் கிண்டிலில் தெரியப்போகும் எழுத்தும் அநேகமாக அதே அளவுதான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அப்பாரு ஒரு பாட்டைத் தடங்கலில்லாமல் படித்துவிட்டால் கிண்டில். கையைத் தள்ளித் தள்ளிப் பிடித்தால் டேப்லெட்.